மக்காச்சோளம் காய்ந்த வாரம்: ஒரு ஹெம்ப் வயலில் கதிர்ப்புழு

2020 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கைபேசியில் ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் ஒரு பூங்கொத்து. அதன் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு குழி. குழியின் விளிம்பில் கடுகு சிந்தியது போல் கறுப்பு உருண்டைகள். படத்தின் கீழே "இது என்ன?" என்று மட்டும் எழுதியிருந்தது.

என்னவென்று பார்த்த உடனே தெரிந்தது. பதினோரு நாளுக்கு முன்னால் அதே வயலில் இரண்டு மணி நேரம் நடந்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குறிப்பிடும்படியான பூச்சித் தாக்குதல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பயிர் ஆலோசகன் தன் தவறை எழுதுவது வழக்கமில்லை. ஆனால் இந்த வயலில் நடந்ததில் கற்றுக்கொள்ளத் தக்கது முழுவதும் அந்தத் தவறுக்குள்தான் இருக்கிறது.

வயலும் பயிரும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு விளிம்பு, வட கரோலினா எல்லையை ஒட்டிய பகுதி. மூன்று தலைமுறையாகப் புகையிலை போட்ட குடும்பம். படம் அனுப்பிய விவசாயிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புகையிலைக்கு விலை இறங்கிக்கொண்டே போன நேரத்தில், 2018 டிசம்பர் 20 அன்று புதிய வேளாண் சட்டம் கையெழுத்தானது. கஞ்சாச் செடியில் போதை தரும் டி.எச்.சி. உலர் எடையில் 0.3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அது போதைப்பொருள் அல்ல, வேளாண் பயிர் என்று அந்தச் சட்டம் பிரித்தது. அந்தப் பயிருக்கு ஹெம்ப் என்று பெயர். அவர் மூன்று ஏக்கரில் போட்டார். நோக்கம் நாரும் அல்ல, விதையும் அல்ல. பூவிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய்; சி.பி.டி. என்பது இந்தச் செடியிலுள்ள, போதை தராத இன்னொரு பொருள்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ஹெம்ப்பைச் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் சணல் என்றால் சாக்குப்பை நெய்யும் சணல், சணப்பை என்றால் உழுது மடக்கும் பசுந்தாள் உரம். இரண்டுக்கும் கஞ்சாவோடு எந்த உறவும் இல்லை. ஹெம்ப் கஞ்சா இனமேதான். செடியைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். புழுவுக்கும் தெரியாது. ஆகவே இங்கே சொல்வது உரிமம் பெற்றுத் திறந்த வெளியில் வளர்க்கப்படும் எந்தக் கஞ்சாச் செடிக்கும் பொருந்தும்.

ஜூன் இரண்டாம் வாரம் நடவு. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,500 நாற்று, எல்லாம் பெண் செடிகள். பகல் குறையத் தொடங்கியதும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் கணுக்களில் பெண் பூவின் வெள்ளை இழைகள் எட்டிப் பார்த்தன. மேற்கே வேலிக்கு அப்பால் பக்கத்துக்காரரின் மக்காச்சோளம். இதை அன்று நான் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. மக்காச்சோளம் எனக்கு வெறும் காற்றுத் தடுப்பாகத்தான் தெரிந்தது.

நான் பார்த்ததும் பார்க்காததும்

ஆகஸ்ட் 18 அன்று நான் தேடியது சிலந்திப்பேனையும் அசுவினியையும். இரண்டும் இலையின் அடியில் இருக்கும். ஆகவே இலையைத்தான் பார்த்தேன். பூவை முகர்ந்து பார்த்தேனே தவிர, லென்ஸை வைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே முட்டைகள் அங்கே இருந்திருக்க வேண்டும். 29ஆம் தேதி கிடைத்த புழுக்களின் வயதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

படம் வந்த அன்று மதியமே வயலுக்குப் போய்விட்டேன். முதலில் புழு எதுவும் கண்ணில் படவில்லை. பட்டது வேறு ஒன்று: செழிப்பான பச்சைப் பூங்கொத்தின் நடுவே ஒரே ஒரு சிற்றிலை மட்டும் காய்ந்து பழுப்பேறி நின்றது. அதைச் சுற்றி எல்லாம் பச்சை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். பிடிமானமே இல்லாமல், ஈரமான காகிதத்தில் செருகிய ஊசி போல் கையோடு வந்துவிட்டது. காம்பு உள்ளே அறுபட்டிருந்தது. கொத்தைப் பிரித்தால் நடுத்தண்டை ஒட்டி ஒரு சுரங்கம். சுரங்கம் முழுக்க எச்சம். கடைசியில் இளஞ்சிவப்புக் கோடுகளோடு இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு புழு. தொட்டதும் வளைந்து விரலைக் கடிக்கப் பார்த்தது.

அடுத்த கொத்தில் பச்சைப் புழு. அதற்கடுத்ததில் பழுப்பு. விவசாயி மூன்று வகைப் புழு என்று நினைத்துக் கலங்கிவிட்டார். மூன்றும் ஒன்றுதான். இந்தப் புழுவின் நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது. தலை ஆரஞ்சும் பழுப்பும் கலந்தது, உடலில் நீளவாக்கில் கோடுகள், லென்ஸ் வைத்தால் தோல் முழுவதும் நுண்ணிய முட்கள். மக்காச்சோளக் கதிர்ப்புழு, ஹெலிகோவெர்பா ஜியா. புகையிலைச் சீமை என்பதால் புகையிலை மொட்டுப்புழுவாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கும். வளர்ந்த புழுவின் மேற்தாடையையும் முள் அமைப்பையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். எடுத்துப் பார்த்த பன்னிரண்டும் கதிர்ப்புழுவே.

இதன் கிழக்கத்திய உறவினரைத் தமிழ் விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். பருத்திக் காயையும் துவரையையும் தக்காளியையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு, ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. தொண்ணூறுகளில் எங்கள் பருத்திக்காட்டில் அப்பா வாரம் தவறாமல் மருந்தடித்ததும், அடித்த மறுநாள் புழு அதே காயில் உட்கார்ந்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அப்படி இருந்தும் அதன் சொந்தக்காரனை அமெரிக்காவில் பதினோரு நாள் தவறவிட்டேன்.

மாலைக்குள் ஐம்பது செடிகளில் செடிக்கொரு உச்சிக் கொத்தைப் பிரித்துப் பார்த்தோம். 31 கொத்துகளில் புழு இருந்தது. அவற்றில் நான்கு மட்டுமே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான குட்டிகள். மற்றவை எல்லாம் வளர்ந்தவை. எத்தனை புழு என்பதைவிட இந்த விகிதம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்றையும் அன்று கவனித்தோம், பொருள் பின்னால்தான் புரிந்தது. மேற்கு வேலியோரம் புழு அதிகமாக இருக்கும், கிழக்கே போகப் போகக் குறையும் என்று விவசாயி எதிர்பார்த்தார். அப்படி இல்லை. வயல் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது.

மருந்து ஏன் பலிக்கவில்லை

ஹெம்ப்புக்கு மருந்து என்பதே அன்று ஒரு சிக்கல். 1937 முதல் வரிச் சட்டத்தாலும் 1970 முதல் போதைப்பொருள் சட்டத்தாலும் நெருக்கப்பட்ட பயிர் அது. யாரும் அதில் மருந்து சோதிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஹெம்ப்புக்கென்று முதன்முதலாகப் பத்து மருந்துகளுக்கு அனுமதி தந்தது 2019 டிசம்பரில்தான். அவற்றில் ஒன்பது உயிரியல் வகை. வேப்ப எண்ணெயும் அதன் சாரமான அசாடிராக்டினும் அந்த முதல் பட்டியலிலேயே இடம்பிடித்திருந்ததைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டேன். இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பூவிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும்போது அதில் தங்கிய மருந்தும் சேர்ந்து செறிவாகும். பூவையே புகைப்பவர்களும் இருக்கிறார்கள். பருத்தியில் அடிப்பதை இதில் அடிக்க முடியாது, கூடாது.

கையில் இருந்தது பி.டி., அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா. நான் வயலுக்கு வந்து சேர்வதற்குள் அவர் முன்பகல் பதினோரு மணிக்கே ஒரு சுற்று தெளித்திருந்தார். பாவம், பதற்றம். பி.டி. தொட்டால் கொல்லும் நஞ்சு அல்ல, தின்றால்தான் கொல்லும். அதிலுள்ள படிகப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் துளை போட வேண்டும். புழுவோ கொத்தின் உள்ளே, தண்டை ஒட்டிய சுரங்கத்தில். மருந்தோ வெளியே, ஆகஸ்ட் வெயிலில் சிதைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. சந்தித்திருந்தாலும் வளர்ந்த புழுவுக்கு அந்த அளவு போதாது. முட்டையிலிருந்து வெளிவந்து, மேலே சுற்றித் திரிந்து, இழைகளைக் கடித்துப் பார்க்கும் முதல் இரண்டு மூன்று நாள்தான் பி.டி.க்கு வாசல் திறந்திருக்கும். அந்த வாசல் மூடி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதற்கு மேல் ஒரு வினையும் உண்டு. அமெரிக்காவில் பயிராகும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்ட பி.டி. மக்காச்சோளம். அதன் கதிரைத் தின்று பிழைத்து அந்துப்பூச்சியாகி வெளியே வருவது, அந்தப் புரதத்தைத் தாங்கப் பழகிய கூட்டம். தென் மாநிலங்களில் கதிர்ப்புழு கிரை 1ஏ, கிரை 2ஏ வகைப் புரதங்களுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டிருப்பது நன்கு அறியப்பட்டது. தெளிக்கும் பி.டி.யிலும் அதே குடும்பப் புரதங்களே இருக்கின்றன. ஆகவே இந்தப் புழு பள்ளிக்கூடம் போய்வந்த புழு. பி.டி. அடித்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

மறுநாள் மாலை சூரியன் சாய்ந்த பிறகு என்.பி.வி. வைரஸ் கரைசல் தெளித்தோம். கதிர்ப்புழு இனத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் மட்டும் தாக்கும் வைரஸ். தேனீக்கோ மனிதனுக்கோ ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் கொண்டைக்கடலைக்கும் துவரைக்கும் வெல்லம் கலந்து தெளிப்பார்களே, அதே வகை. ஐந்தாம் நாள் பலன் தெரிந்தது. புழு கிளையின் உச்சிக்கு ஏறி, பின்கால்களால் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி, உடம்பெல்லாம் கூழாகிக் கிடந்தது. தொட்டால் தோல் கிழிந்து பழுப்புத் திரவம் வழிந்தது. அந்தத் திரவத்தின் ஒவ்வொரு துளியிலும் அடுத்த புழுவுக்கான வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும். ஆனால் அப்படித் தொங்கியவை பெரும்பாலும் சின்னப் புழுக்கள். பெரியவை சாவதற்கு அதிக அளவு வேண்டும், அதிக நாளும் வேண்டும். அந்த நாள்களில் தின்றுகொண்டேதான் இருந்தன. சில இரண்டையும் ஏமாற்றிவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டுப்புழு ஆகிவிட்டன.

புழு தின்றது கொஞ்சம், அழுகியது அதிகம்

செப்டம்பர் முதல் வாரக் கணக்கில், புழு நேரடியாகத் தின்றது மொத்தப் பூவில் சிறு பங்குதான். அதோடு நின்றிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியிருக்காது.

ஒரு புழு கொத்துக்குள் தின்ற இடத்தில் செத்த திசுவையும் ஈர எச்சத்தையும் விட்டுப் போகிறது. அடர்ந்த பூங்கொத்தின் நடுப்பகுதி காற்றுப் புகாத இடம். இரவுப் பனி அங்கே காலை பத்து மணி வரை காய்வதில்லை. போட்ரைடிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. அதன் வித்துகள் எங்கும் மிதந்துகொண்டிருப்பவை. நல்ல திசுவைத் துளைத்து நுழைய அவை சிரமப்படும், செத்த திசுவில் எளிதாகக் குடியேறும். புழு கதவைத் திறந்து வைக்கிறது, பூஞ்சணம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

செப்டம்பர் நடுவில் கடற்கரையில் கரையேறிய புயலின் மிச்சம் இரண்டு நாள் தூறலாக உள்நாட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை கொத்துகளைப் பிரித்தால் உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. விரல் பட்டதும் புகை போல் வித்து கிளம்பியது. புழு இருந்த கொத்து மட்டுமல்ல, அதைத் தொட்டுக்கொண்டிருந்த கொத்துகளும் போயின.

இந்தக் கட்டத்தில் மேலும் தெளிப்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர் தெளிக்க வேண்டும் என்றார். நான் மறுத்தேன். தெளிப்பது எதுவானாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர்; கொத்தின் உட்புறம் நனைந்தால் புழுவுக்குப் போட்ட மருந்து பூஞ்சணத்துக்குப் போட்ட உரமாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு ஆள் வைத்து, காலைப் பனி காய்ந்த பிறகு, அழுகிய கொத்துகளை அழுகலுக்கு ஒரு சாண் கீழே வைத்து வெட்டிப் பையில் போட்டு வெளியேற்றினோம். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடைத்தோம். வெட்டியதை வரப்பில் வீசக் கூடாது என்பதை ஒரு ஆளுக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபர் 8 என்று வைத்திருந்த அறுவடையைச் செப்டம்பர் 24க்கு முன்னால் இழுத்தோம். சி.பி.டி. அளவில் இதனால் இழப்பு உண்டு. ஆனால் பூ முற்ற முற்ற டி.எச்.சி.யும் ஏறும், 0.3 என்ற கோடு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கிறது என்பதால், முன்கூட்டி அறுப்பது இந்தப் பயிரில் முழு நட்டம் அல்ல. அழுகலோடு இரண்டு வாரம் காத்திருப்பதுதான் முழு நட்டம்.

செடிகளைப் பழைய புகையிலைப் பதனக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். மறுநாள் காலை கதவைத் திறந்த விவசாயி உள்ளே கால் வைக்கவில்லை. சிமெண்டுத் தரை முழுக்கப் புழு. காயத் தொடங்கிய பூவைவிட்டு ஈரம் தேடி இரவில் இறங்கியவை. நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன, ஒன்றையொன்று கடித்துக்கொண்டும் இருந்தன. இந்த இனம் தன் இனத்தையே தின்னும். மக்காச்சோளக் கதிரில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழு மிஞ்சுவது அதனால்தான். கஞ்சாச் செடியிலோ கொத்துக்குக் கொத்து தனித்தனி அறை, சண்டைக்கு வாய்ப்புக் குறைவு. அவர் கோழிகளைத் திறந்துவிட்டார். அந்த ஆண்டு அந்த வயலில் முழு வெற்றி பெற்ற பூச்சிக்கட்டுப்பாடு அது ஒன்றுதான்.

எடை போட்டபோது எதிர்பார்த்ததில் பாதிக்கும் சற்று அதிகமாகவே விற்கத் தக்கதாகத் தேறியது.

எங்கே தவறினோம்

குளிர்காலத்தில் குறிப்பேடுகளை விரித்து வைத்து உட்கார்ந்தோம். அப்போதுதான் வயல் முழுக்கச் சீராகப் பரவிய அந்தத் தாக்குதல் பேசத் தொடங்கியது. பக்கத்து மக்காச்சோளக் காட்டிலிருந்து மட்டும் பூச்சி வந்திருந்தால் மேற்கு ஓரம் அதிகம் அடிவாங்கியிருக்கும். கதிர்ப்புழுவின் தாய்ப்பூச்சி நெடுந்தூரம் பறக்கும். தெற்கிலிருந்து காற்றோடு மாநிலம் விட்டு மாநிலம் வரும். வேலிக்கு அப்பால் இருந்த சோளம் குற்றவாளி அல்ல. ஆனால் அது கடிகாரம்.

பூச்சிக்குப் பிடித்த இடம் மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பசுமையான பட்டு இழை. ஜூலையில் அது எங்கும் கிடைக்கிறது. ஆகஸ்டில் அந்த வட்டாரம் முழுவதும் சோளம் ஒரே நேரத்தில் முற்றிக் காய்கிறது. கதிரில் வளர்ந்த தலைமுறை அதே வாரங்களில் மண்ணிலிருந்து பூச்சியாக வெளிவருகிறது. முட்டையிடப் பச்சையாகப் பூத்த ஒன்றைத் தேடுகிறது. சோயா இருக்கிறது, பருத்தி இருக்கிறது, 2019 முதல் ஹெம்ப்பும் இருக்கிறது. ஹெம்ப் பூக்கத் தொடங்குவதும் அதே வாரங்கள். நான் ஆகஸ்ட் 18 அன்று சிலந்திப்பேன் தேடிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் சோளத் தோகை வெளுத்துச் சரசரத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது, குறிப்பேட்டில் விழவில்லை.

இரண்டாம் ஆண்டு

2021இல் அவர் பரப்பை இரண்டு ஏக்கராகக் குறைத்தார். ஜூலை முதல் வாரமே வெள்ளை வலைக் கூம்புப் பொறி இரண்டு வைத்தோம், கதிர்ப்புழுவுக்கான இனக்கவர்ச்சி மருந்தோடு. காலையில் காபியோடு போய் எண்ணிவிட்டு வருவது அவர் வேலை. ஜூலை முழுதும் ஒன்று, மூன்று, பூஜ்ஜியம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஓர் இரவில் நாற்பதைத் தாண்டியது. அன்றைக்குச் சோளத்தின் அடித்தோகை வெளுத்திருந்தது.

பொறி பூச்சியைப் பிடித்துத் தீர்ப்பதற்கல்ல. அதில் விழுவது ஆண் பூச்சி மட்டும். முட்டை தேட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று சொல்லும், அவ்வளவுதான். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறை பத்து மடங்கு லென்ஸோடு பூக்களைப் பார்த்தேன். முதல் நாள் எல்லாமே முட்டையாகத் தெரிந்தது, ஏனெனில் பூ முழுக்கப் பிசின் சுரப்பிகள் பளபளக்கின்றன. பழகிய பிறகு தவறவே முடியாது. முட்டை அரை மில்லிமீட்டர், சுரப்பித் தலையைவிடப் பல மடங்கு பெரியது. உச்சியிலிருந்து கீழே இறங்கும் வரிகளோடு குட்டி முலாம்பழம் போல், பெரும்பாலும் வெள்ளை இழைகளின் மேலோ பக்கத்துச் சிற்றிலையிலோ தனியாக ஒட்டியிருக்கும். புதிதாக இட்டது வெள்ளை. ஒரு நாளில் செம்பழுப்பு வளையம் விழும். கருத்துவிட்டால் மறுநாள் பொரியும். கோடை வெப்பத்தில் இட்டதிலிருந்து மூன்று நாள்தான்.

வளையம் விழுந்த முட்டைகள் கண்ணில் பட்ட மாலையே வைரஸ் தெளித்தோம். ஐந்து நாள் கழித்து மீண்டும். இடையில் ஒரு முறை பி.டி., வேறு துணையினமான ஐசாவாயில் செய்தது. எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு, கொத்துகள் இன்னும் தளர்வாக, மருந்து உள்ளே இறங்கும் பருவத்தில். செப்டம்பர் பிறந்த பிறகு தெளிப்பானைத் தொடவில்லை. வரிசைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டியிருந்தோம். அடிக்கிளைகளைக் கழித்துக் காற்றுக்கு வழிவிட்டிருந்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் ஐம்பது கொத்தில் ஒன்பதில் புழு இருந்தது, ஏறத்தாழ எல்லாம் குட்டிகள். பூஞ்சணம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் தனித்தனிக் கொத்துகளோடு நின்றது. மருந்துதான் காரணம் என்று முழுப் பெருமையையும் அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் உலர்ந்த செப்டம்பர். தெளிக்காத வரிசை எதையும் ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் விட்டு வைக்கவும் இல்லை. விட்டு வைக்கலாம் என்று நான் சொன்னபோது விவசாயி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

2022இல் அவர் ஹெம்ப் போடவில்லை. புழு காரணமல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டதில் சி.பி.டி. பூவின் விலை தரைமட்டமாகியிருந்தது. அந்த இரண்டு ஏக்கரில் இப்போது சோயா. கதிர்ப்புழு சோயாக் காயையும் தின்னும் என்பதால் பொறிகளை அவர் கழற்றவில்லை. ஆகஸ்டில் காலை ஏழு மணிக்கு எனக்கு இன்னமும் படம் வருகிறது: வலைக் கூம்பின் நுனியில் படபடக்கும் பூச்சிகள், கீழே ஓர் எண்.